அண்ணாச்சி பஸ்ஸின் ஹெட்லைட்

போன சனிக்கிழமை குற்றாலத்தில் ஒரு இன்டர்வியூ. நான் போய் உட்காரவில்லை, எடுத்தேன். சிரிக்காதீர்கள். பத்திரிகையில் வாரா வாரம் பெயர் வந்துவிட்டால், தென்காசியில் எந்தக் கமிட்டியிலும் ஒரு நாற்காலி நிச்சயம்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு சயின்ஸ் டீச்சர் வேண்டும். பள்ளிக்கூடம் இருப்பது தென்காசியில். அப்புறம் இன்டர்வியூ எதற்குக் குற்றாலத்தில் என்கிறீர்களா? சீசனாச்சே. கமிட்டித் தலைவருக்கு அங்கே பங்களா இருக்கிறது. அருவியில் குளித்த மாதிரியும் ஆயிற்று, ஆள் எடுத்த மாதிரியும் ஆயிற்று.

தலைவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆறு பஸ் ஓடுகிறது அவருக்கு. ஆலங்குளம் ரோட்டில் நின்றால் அவர் கிளப்புகிற புழுதியைத் தின்னாமல் வீடு திரும்ப முடியாது. கமிட்டியில் இரண்டாவது ஆள் ஹெட்மாஸ்டர். மூன்றாவது அடியேன். வெள்ளிக்கிழமையே அண்ணாச்சி காரில் போய், அண்ணாச்சி பங்களாவில் தங்கி, காலையில் அண்ணாச்சி வீட்டு இடியாப்பத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு ஐந்தருவிக்குக் கிளம்பினோம். எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேறு.

இன்டர்வியூ பத்து மணிக்கு. நாங்கள் ஈரத் துண்டோடு திரும்பியபோது பதினொன்றரை. வராந்தா பெஞ்சில் ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும் உட்கார்ந்திருந்தார்கள். சாரலில் அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. மடியில் வைத்திருந்த சர்டிபிகேட் பை மட்டும் நனையவில்லை.

அவளை முதலில் கூப்பிட்டோம். பெயர் எஸ்தர். ஊர் ஆலங்குளம். பிஸிக்ஸ் படித்து, பி.டி. என்கிற டீச்சர் பயிற்சியும் முடித்தவள். வீரகேரளம்புதூரில் ஒருவருடைய லீவுக்குப் பதிலாக ஒரு வருஷம் வேலை பார்த்தாள். லீவில் போனவர் திரும்பி வந்தார். இவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா இல்லை. தம்பிகள் இரண்டு பேர் படிக்கிறார்கள். இந்த வேலை அவளுக்கு எவ்வளவு அவசியம் என்று விண்ணப்பத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணாச்சி ஆறாம் வகுப்போடு நின்றவர். அது குற்றமில்லை. ஆனால் இன்டர்வியூ என்றால் பிஸிக்ஸ் கேள்வியையும் அவரேதான் கேட்பார்... அதுதான் குற்றம்.

"ஏம்மா, என் பஸ்ஸு முப்பது மைல் வேகத்துல போகுது. பாவூர்சத்திரத்துல நிக்காது. கிளீனரு பேப்பர் கட்டை முன்னால பாத்து வீசுதான். கட்டு என்ன வேகத்துல போகும்?"

"அவர் வீசுற வேகமும் பஸ்ஸோட வேகமும் சேரும் சார்."

அண்ணாச்சி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். கேள்வி கேட்கிற ருசி கண்டுவிட்டது.

"அப்ப ஓடுத பஸ்ஸுல ஹெட்லைட்டைப் போடுதோம்னு வையி. அந்த வெளிச்சத்துக்கும் பஸ்ஸு வேகம் சேரும்லா?"

"சேராது சார்."

"சேராதா?"

"நிக்கிற பஸ்ஸுல போட்டாலும், ஓடுற பஸ்ஸுல போட்டாலும், ரோட்டுல நிக்கிறவர் அளந்தா ஒரே வேகம்தான். பஸ்ஸுக்குள்ள இருக்கிறவர் அளந்தாலும் அதே வேகம்தான். விநாடிக்கு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைல். பூமியே சூரியனைச் சுத்தி விநாடிக்குப் பதினெட்டு மைல் ஓடுது சார். அது ஓடுற பக்கமாவும் குறுக்கேயும் வெளிச்சத்தை விட்டுப் பாத்துட்டாங்க. வித்தியாசமே கிடைக்கலை."

அழகாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணாச்சியின் முகம் சுண்டிவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மனுஷருக்கு விஞ்ஞானத்தின் மேல் கோபம் இல்லை. தன் பஸ்ஸுக்கு மரியாதை இல்லை என்பதுதான் கோபம்.

"முப்பது மைலு ஓடுதம்மா. அது கணக்குலயே சேத்தி இல்லைங்கியா?"

"வெளிச்சத்தோட வேகம் மாறாதுன்னா, வேற ஏதாவது மாறணும்லா சார்? வேகம்னா என்ன, இவ்வளவு தூரத்தை இவ்வளவு நேரத்துல போறது. வெளிச்சம் விட்டுக்கொடுக்காது. அதனால தூரமும் நேரமும்தான் விட்டுக்கொடுக்கணும். ஓடுற பஸ்ஸுல இருக்கிற கடிகாரம், ரோட்டுல நிக்கிறவர் கணக்குக்கு மெதுவா ஓடும்."

"ஓஹோ. என் டிரைவரும் லேட்டா வந்துட்டு, வாட்ச்சு ஸ்லோ அண்ணாச்சின்னுதான் சொல்லுதான். இனிமே அவனை ஒண்ணும் கேக்கப்பிடாது, என்ன?"

ஹெட்மாஸ்டர் சிரித்தார். எங்கே சிரிக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

எஸ்தரும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவள், பாவம், பதில் சொன்னாள். "நம்ம பஸ்ஸு வேகத்துக்கு அதெல்லாம் தெரியாது சார். ஆயுசு பூரா ஓட்டுனாலும் கண் இமைக்கிற நேரம்கூட வித்தியாசம் வராது. வெளிச்சத்தோட சேத்துப் பாத்தா பஸ்ஸு நிக்கிற மாதிரிதான்."

போச்சு. ஆறு பஸ்ஸையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள்.

இப்போது ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு தூரம். எல்லாமே சார்புதான். எல்லாம் மாயைன்னு நம்ம பெரியவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க அண்ணாச்சி."

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'எல்லாம் சார்பு' என்று சொல்லிவிட்டு ஏப்பம் விடுகிற கூட்டம் ஊருக்கு ஊர் இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் ஃபெயிலா? சார்பு. புது ரோட்டில் தாரைக் காணோமா? அதுவும் சார்பு. விஞ்ஞானத்தின் சார்புத் தத்துவம் சொல்வது நேர் எதிர், ஐயா — யார் பார்த்தாலும், எவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டே பார்த்தாலும் மாறாத ஒன்று இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் நேரமும் தூரமும் வளைந்து கொடுக்கின்றன. அவரவர் சௌகரியத்துக்குத் திருப்பிக்கொள்ள அது என்ன கமிட்டித் தீர்மானமா?

இதையெல்லாம் நான் அங்கே சொன்னேனா?

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். "சாரே இதைப் பத்தி எழுதியிருக்காங்க. அவங்க வாரா வாரம் எழுதுற பத்தியிலயே வந்திருக்கு."

எழுதியிருந்தேன். போன வருஷம், இதே பக்கத்தில். ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பாதி படித்துவிட்டு, ஒளி யாருக்காகவும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது என்று வெகு வீராப்பாக. பிரமாதம் என்று அண்ணாச்சியே பாராட்டினார். படித்திருக்க மாட்டார்.

"அப்படியா வே? நீரு என்ன சொல்லுதீரு?" என்றார் அண்ணாச்சி.

தலையில் அண்ணாச்சி எண்ணெய். வயிற்றில் அண்ணாச்சி இடியாப்பம். ஊர் திரும்ப அண்ணாச்சி கார்.

"அது வந்து... பெரிய சப்ஜெக்ட் அண்ணாச்சி. பல அபிப்பிராயம் இருக்கு," என்றேன்.

எஸ்தர் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. "தேங்க்யூ சார்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்து அந்த இளைஞன். கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். அதே ஹெட்லைட் கேள்வி.

"சேரும் சார்."

"எம்புட்டு சேரும்?"

"பஸ்ஸு என்ன வேகமோ அம்புட்டும் சேரும் சார். உங்க பஸ்ஸுன்னா நல்லாவே சேரும்."

வேலை அவனுக்கு.

நான் வாசலுக்கு வந்தபோது எஸ்தர் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல், "நல்லா பதில் சொன்னேம்மா" என்றேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

"சார், உங்க கட்டுரையில ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைலை நிமிஷத்துக்குன்னு போட்டிருந்தீங்க. விநாடிக்குன்னு இருக்கணும். அப்பவே ஒரு கார்டு போட்டேன். பதில் வரலை," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். ஆலங்குளத்துக்கு அண்ணாச்சி பஸ்ஸில்தான் போயிருப்பாள், வேறு ஏது?

இதை அவள் உள்ளேயே சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு பேர் முன்னால் என் மானம் கப்பலேறியிருக்கும். அவள் என் மானத்தைக் காப்பாற்றினாள். நான் அவள் பிழைப்பைக் காப்பாற்றவில்லை.

நேற்று பள்ளிக்கூடத்துப் பியூன் மினிட்ஸ் நோட்டைக் கொண்டுவந்தார். 'ஒருமனதாக' என்று எழுதி, கீழே இரண்டு கையெழுத்து. மூன்றாவது இடம் எனக்கு. 'எனக்குச் சம்மதமில்லை, எஸ்தர் சொன்ன விடையே சரி' என்று எழுதி அனுப்பினேன். உடனே என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு மூன்றில் இரண்டு போதும். என் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆறு நாள் கழித்து வந்த தைரியத்தால் யாருக்கு என்ன லாபம்?

அதனால் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிற டீச்சர் வேண்டுமா? ஆலங்குளத்தில் ஒருத்தி இருக்கிறாள். எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இந்தத் தடவை பதில் போடுவேன்.

கூடவே ஒரு திருத்தம். போன வருஷக் கட்டுரையில் 'நிமிஷத்துக்கு' என்று இருப்பதை 'விநாடிக்கு' என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். மற்றபடி எழுதியதெல்லாம் சரி. யார் காரில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒளியின் வேகம் மாறாது.

மாறுவது என் வாய்தான்.