காரில் வருகிறோம் என்று எழுதினேன்

எங்கள் வீட்டில் விடிந்ததும் முதல் வெந்நீர் காருக்குத்தான். கொடைக்கானல் குளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும் என்பதால் சாயங்காலமே வடித்துவிடுவோம். காலையில் புதிதாகக் காய்ச்சி நான் ஊற்றுவேன். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தேத்தண்ணி. சிலோனில், பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு ஓடுகிற அவசரத்திலும், முதல் வெந்நீர் மனுசருக்காக இருந்தது. இதுவும் பழகிவிட்டது. பழகாதது என்று எனக்கு இங்கே எதுவும் மிச்சமில்லை.

சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விற்ற வண்டி அது. அமெரிக்காவில் செய்தது. முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். பிளஷர் கார் என்பார்கள் இங்கே. சிலோனில் தேயிலைத் தோட்டத்துத் துரையின் காரைப் பதினெட்டு வருடம் ஓட்டிய என் வீட்டுக்காரர், வேலை முடிந்து கைக்கு வந்த சேமலாப நிதிப் பணம் முழுவதையும் கொடுத்து வாங்கினார். அக்கரையில், சிலோனில் இருக்கும் நீங்கள் யாராவது இப்படி ஒன்று வாங்க நினைத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கொதிக்கும், இறக்கத்தில் பிரேக் காய்ந்து நாறும். கியர் தானாகக் கழன்றுகொள்ளும். சாமான் எங்கேயும் கிடைக்காது, திண்டுக்கல் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்க வேண்டும். ஒரு தரம் கிளட்ச் மாற்றிய செலவில் நாங்கள் இரண்டு மாதம் சோறு தின்றிருக்கலாம். பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

கைப்பிரேக்கும் பிடிக்காது. அதனால் வாடகைச் சவாரி கிடைத்தால் நானும் முன்சீட்டில் போவேன். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பது என் சோலி. ஒருமுறை சவாரி வந்த மதுரைக்கார அம்மாள், "நீங்க எங்கம்மா எறங்கணும்?" என்று கேட்டாள். "வண்டி நிக்கிற எடத்துல" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

போன வருடம், சிலோனிலேயே தங்கிவிட்டிருந்த எங்கள் மகள் பார்வதிக்கும் மருமகனுக்கும் இந்தியா வர உத்தரவு கிடைத்தது. கப்பலில் வந்து இறங்குகிறவர்களை மண்டபம் முகாமில் மூன்று நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் சொந்தக்காரர் நேரில் வந்தால் அவர்களோடு அனுப்புவார்கள். வராவிட்டால் எங்கே வேலை ஒதுக்கியிருக்கிறதோ அங்கே ரயிலேற்றிவிடுவார்கள். மகளுக்கு நான் எழுதினேன்: காரில் வருகிறோம், வாசலைப் பார்த்துக்கொண்டிரு.

"பஸ்ஸுல போவம். இது மலைய எறங்கிரும், கீழ வெயில் தாங்காது" என்றார் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. பார்வதி பிறந்த அன்று எனக்கு லயத்து வீட்டில் வலி எடுத்தபோது, துரையின் கார் பங்களா வாசலில் கழுவித் துடைத்து நின்றது. ஓட்டுவதற்கு இவரும் அங்கேயே நின்றார். கேட்டுப் பார்த்ததற்கு, சீட் அழுக்காகும் என்றாராம் துரை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில், சாக்குகளுக்கு நடுவே, ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் பெற்றெடுத்தேன். அந்தப் பிள்ளையை ஒரு தரமாவது எங்கள் சொந்தக் காரில் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்தேன். வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் வந்த அன்று காலை கிளம்பினோம். மலை ஒழுங்காக இறங்கியது. வத்தலக்குண்டு தாண்டியதும் வெள்ளைப் புகை. தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. பக்கத்தில் பட்டறை வைத்திருந்த பாய் திறந்து பார்த்து, "கேஸ்கட் போயிருச்சுங்கக்கா. நாளைக்கு வெள்ளனே மாட்டித் தந்துர்றேன்" என்றார்.

"இப்பவே பஸ்ஸ புடிப்பம்" என்றார் இவர்.

"ஒரு நாள் பாப்பம்" என்றேன்.

மறுநாள் மாட்டிக் கிளப்பியதும் மறுபடி புகை. "இஞ்சின் ஹெட்டே வளைஞ்சு கெடக்குங்க. மதுரைக்குக் கொண்டுபோய்த் தேய்க்கணும். நீங்க சோலியப் பாத்து வெரசா போங்க" என்றார் பாய். அப்போதும் நான்தான், இன்னொரு நாள் என்றேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாயோடு சேர்ந்து ஹெட்டைக் கழற்றப் போனார். மூன்றாம் நாளும் மதுரையிலிருந்து ஹெட் திரும்பி வரவில்லை. பொழுது சாயும்போது பஸ் ஏறினோம். மண்டபத்தில் இறங்கியபோது நான்காம் நாள் விடிந்திருந்தது.

முகாம் குமாஸ்தா நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். "நேத்து சாயங்காலம் ரயிலேத்திட்டோம்மா. ஆந்திரா பக்கம் ஒரு நூல் மில்லுக்கு. மூணு நாளும் பஸ் வந்தா அந்தப் புள்ள திரும்பிக்கூடப் பாக்கல. கார் சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு வாசலுக்கு ஓடும்."

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இன்றுவரை பார்வதி அந்த மில்லில்தான் இருக்கிறாள். கடிதம் போடுகிறாள், லீவு கிடைப்பதில்லை என்று எழுதுகிறாள். தெலுங்கு கொஞ்சம் பேச வருகிறதாம்.

அன்று முகாம் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. வெளியே ஒரு கார் வரும் சத்தம் கேட்டது. எங்கள் கார் வத்தலக்குண்டில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது என்று தெரியும். ஆனாலும் எழுந்து வாசலுக்குப் போனேன். கார் நிற்காமல் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் கடல், அதற்கு அப்பால் நான் பிறந்த லயம். எதிரே வெறும் ரோடு. இவர் வந்து கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.