இரண்டாகக் கத்தரித்த பாஸ்புத்தகம்

என்னையும் என்னைக் கட்டினவரையும் பிரித்து வைத்த பெரியவர்கள் எல்லாவற்றையும் சரிபாதியாகத்தான் பிரித்தார்கள். நகரியில் எங்கள் வீட்டு வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து, மூன்று தவலையை இரண்டு பேருக்கு எப்படிப் பங்கு போடுவது என்று அரை நாள் பேசினார்கள். தறி அவருக்கு என்றும் தவலை மூன்றும் எனக்கு என்றும் ஆனது. கடைசியில் பாங்கு பாஸ்புத்தகம் வந்தது. நாட்டாண்மைக்காரர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு பேர் பேரும் கீது. ஒருத்தர்கிட்ட குடுத்தா இன்னொருத்தர் வாய் சும்மா இருக்குமா? கத்தரிய எடுத்துனு வாங்க."

துணி வெட்டுகிற பெரிய கத்தரி. குறுக்கே ஒரே வெட்டு. மேல் பாதி அவருக்கு, கீழ்ப் பாதி எனக்கு. கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் நியாயம் என்றால் இதுதான் நியாயம் என்று தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. எங்கள் பெயரும் கணக்கு நம்பரும் அவர் பாதியில் போய்விட்டன. மிச்சம் நானூற்றுப் பத்து ரூபாய் என்ற வரி மட்டும் என் பாதியில் இருந்தது.

அந்தக் கணக்கைத் திருப்பதியில் ஆரம்பித்தவர் அவர்தான். கடைக்குப் புடவை கொண்டுபோன ஒரு நாள், கல்யாணமான புது மயக்கத்தில், "இவ கையெழுத்து இல்லாம நானும் எடுக்கக் கூடாது, என் கையெழுத்து இல்லாம இவளும் எடுக்கக் கூடாது" என்று பாங்கில் எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகாத நான் அந்தக் கையெழுத்துக்காகவே அடுப்புக்கரியால் சுவரெல்லாம் என் பெயரை எழுதிப் பழகினேன். அந்த மயக்கம் அப்படியே பாங்கில் பத்திரமாக இருந்தது. நாங்கள்தான் இல்லை.

பிரிந்த பிறகு நான் புத்தூரில் என் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ வருவார்கள். கட்டுப் போட்டவர்களுக்கும் கூட வந்தவர்களுக்கும் வாய்க்கு ருசியான சோறு கிடைக்காது. இரண்டு அறை பிடித்துச் சமைத்துப் போட்டால் யார் கையையும் எதிர்பாராமல் பிழைத்துக்கொள்வேன் என்று தோன்றியது. வீடும் கிடைத்தது. முன்பணம் நூற்றைம்பது. வீட்டுக்கார அம்மா, "அமாவாசை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் காபிக்கடைக்காரருக்குக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டாள். அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

திருப்பதிக்கு ஓடினேன். பாங்கு குமாஸ்தா என் பாதியைக் கையில் வாங்கியதும் அடுத்த பாதி எங்கே என்று என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏமம்மா, இது இன்னா மாங்காயா, ஆளுக்கொரு கீத்து வெச்சிக்க? ரெண்டு பாதியும் வரணும், ரெண்டு ஆளும் வரணும், எங்க கண்ணு முன்னால கையெழுத்துப் போடணும்."

என்னைக் கட்டினவரோ திருத்தணிப் பக்கம் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். அந்த வருஷம்தான் திருத்தணி மதராசோடு சேர்ந்தது. புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. போய் இறங்கினேன். பிரித்துவிட்டவர்கள் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் ஜனத்து வழக்கம். அதனால் அவர் தன் அண்ணியைப் பார்த்துப் பேசினார், நானும் அந்த அம்மாளைப் பார்த்தே பேசினேன். பாவம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி அவளுக்குக் கழுத்து நோவே வந்திருக்கும்.

"நாம இப்ப மதராஸ்காரங்க அண்ணி. அந்தப் பக்கத்துத் துட்டு நமக்கு எதுக்கு?"

"துட்டு மேலயும் எல்லைக்கல்லு நட்டுட்டாங்களான்னு கேளுங்கக்கா!"

கடைசியில் அண்ணிக்காரிதான் உண்மையைப் போட்டு உடைத்தாள். அவருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். கத்தரித்த பாதிகள் ஒன்று சேர்ந்தால் பிரித்து வைத்ததே செல்லாது என்று பெண் வீட்டார் பயப்படுகிறார்கள்.

"அந்தப் புஸ்தகம் ஒட்டிச்சின்னா இந்தச் சம்பந்தம் பிச்சிக்கும் தாயே" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஏழு வருஷம் ஒரே வீட்டில் ஒட்டாதது, காகிதம் ஒட்டினால் ஒட்டிவிடுமாம்.

நகரிக்குத் திரும்பி நாட்டாண்மைக்காரர் வீட்டு வாசலில் நின்றேன். "நீங்க போட்ட வெட்டு நைனா. நீங்களே வந்து தீத்து வையுங்க" என்றேன். இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று எட்டு நாள் இழுத்தார். ரயில் சார்ஜும் ஓட்டல் சாப்பாடும் எங்கள் தலையில் என்று பேசிக்கொண்ட பிறகுதான் கிளம்பினார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு என்னைக் கட்டினவரும் திருத்தணியில் ரயில் ஏறினார். மறுநாள் அமாவாசை.

பாங்கில் நாட்டாண்மைக்காரர் எங்கள் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மேல் பாதியை மேசையில் வைத்தார். அதற்குக் கீழே தன் மூக்குப்பொடி டப்பியை வைத்தார். அதற்கும் கீழே என் பாதியை வைத்தார்.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடல. எல்லாரும் பாத்துக்குங்க" என்றார்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, டப்பிக்கு மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் படித்தார். பொடி நெடி ஏறி இரண்டு தும்மல் போட்டார். கையெழுத்துப் போட்டோம். பணம் வந்தது. கணக்கு முடிந்ததென்று முத்திரை குத்திவிட்டு, குமாஸ்தா பழக்கதோஷத்தில் பசைப் புட்டியை இழுத்தார்.

"ஒட்டாதீங்க சார்!" என்று ஒரு சத்தம். புதுச் சம்பந்தம் பேசி வைத்திருந்த இவர்தான். பாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

குமாஸ்தா கையெடுத்துக் கும்பிட்டு, பாதிகளைத் தனித்தனி உறையில் போட்டார்.

வெளியே வந்து ஆளுக்கு இருநூற்றைந்து பிரித்துக்கொண்டோம். நாட்டாண்மைக்காரர் சாப்பிட்டுக் கைகழுவப் போன நேரம், இவர் வழக்கத்தை மறந்து என்னைப் பார்த்தே பேசினார்.

"புத்தூர்ல சோறு போடப் போறியாமே. கை கால் ஒடிஞ்சா நானும் அங்கதான் வந்து துன்னணும்."

"வா. துட்ட முன்னாடியே வெச்சிட்டுத் துன்னு."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புத்தூர் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கார அம்மா நோட்டை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, வாடகைச் சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

"உன் பேரோட ஆம்பிளப் பேரு ஒண்ணும் சேத்து எழுதட்டுமா? ஒரு பலமா இருக்கும்."

நான் போட்ட கூச்சலில் அவள் கையிலிருந்த பேனாவே நழுவிவிட்டது.

"என் ஒருத்தி பேருதாம்மா! சாமி சத்தியமா வேற எந்தப் பேரும் வேணாம்!"