அரை நிமிடத்தில் தேர்ந்த உரிமம்

1. தவறான எழுத்து

வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை ஊரிலிருந்து செல்வராசு போன் செய்தபோது, தஞ்சாவூரில் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்; நான் எழுதிய தண்ணீர் முறை மென்பொருளைத் தன் வாய்க்காலுக்கும் கேட்டிருந்தவர். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"மேடம், உங்க ஆப் பொய் சொல்லுது. செவ்வாக்கிழமை தண்ணி வரும்னு போட்டுருக்கு. இன்னிக்கு வெள்ளி. வாய்க்கால்ல நாய் படுத்துக் கெடக்கு. நட்ட வயலு பாளம் பாளமா வெடிக்குதுங்க."

"அண்ணே, உங்க வாய்க்காலுக்கு நான் இன்னும் போட்டே தரலையே. அது வேற யாரோடதோ."

"உங்களுதுன்னுதான் சங்கத்துல சொன்னாங்க. படம் அனுப்புறேன், பாருங்க."

படம் வந்தது. புதுப் பெயர், பச்சை நிறத்தில் ஒரு நெற்கதிர்ச் சின்னம். என்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், கீழே இருந்த வரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். 'தண்ணிர் வரும் நேரம்' என்று இருந்தது. ணகரத்துக்கு நெடில் போட மறந்த அந்தப் பிழை என்னுடையது. என் நிரலை அப்படியே எடுத்து, பெயரை மாற்றி, என் எழுத்துப் பிழையோடு ஊர் ஊராகக் கொடுத்திருந்தார்கள்.

2. சின்ன உரிமம்

இருபத்தெட்டு வருடங்களாக மென்பொருள் எழுதுகிறேன். பெரும்பாலும் பிறருக்காக எழுதியவை. இது ஒன்றுதான் நானாகத் தொடங்கியது.

ஆற்றில் வரத்து குறைந்தால் டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். எந்த மதகு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரர்களுக்குத் தெரியும். கோடியில் இருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் வந்தால்தான் தெரியும். ஏக்கருக்கு ஏற்ப மணிக்கணக்குப் போட்டு, கடைமடையிலிருந்து தொடங்கி மேலே போகும் பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு விவசாயியின் போனுக்கும் செய்தி அனுப்பும் மென்பொருள் அது. மணிக்கணக்குப் பகுதியை எழுதியவர் திருத்துறைப்பூண்டியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் கலியமூர்த்தி. செய்தி அனுப்பும் பகுதி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ரஃபியுடையது. மயிலாடுதுறைக்காரன். நாங்கள் மூவரும் ஓய்வு நேரத்தில் செய்தது.

யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று இணையத்தில் ஏற்றினேன். ஏற்றும்போது, மற்றவர்கள் எந்த நிபந்தனையில் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு, 'என்ன உரிமம்?' என்று ஒரு பட்டியல் விழுந்தது. ஜிபிஎல் என்பதைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஓடியது. எம்ஐடி என்பதைத் திறந்தேன். அரைப் பக்கம்கூட இல்லை. அதையே சொடுக்கிவிட்டு எழுந்து போய்விட்டேன். அரை நிமிட வேலை. அந்த அரைப் பக்கத்தையும் முழுதாகப் படிக்கவில்லை.

3. "எங்க ஐபி, மேடம்"

அந்தப் பச்சைச் சின்ன ஆப்பைக் கொடுக்கும் நிறுவனத்தின் மேலாளர் தஞ்சாவூரிலேயே இருந்தார். மறுநாள் நேரில் போனேன். காபி வரவழைத்தார்.

"நீங்கதானே மேடம் எடுத்துக்கங்கன்னு போட்டிருக்கீங்க? எம்ஐடி. நாங்க தப்பா ஒண்ணும் பண்ணலையே."

எடுத்துக்கொண்டது தப்பில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. அந்த உரிமத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காமல் கூடவே வைத்திருக்க வேண்டும். அதைக்கூட அழித்திருந்தார்கள்.

"ஒரு லைன்தானே மேடம், போட்டுடலாம்" என்றார்.

"அது இருக்கட்டும். மேல்மடைக்காரங்க போன்ல மட்டும் 'இன்னும் ஆறு மணி நேரம்'னு ஒரு பட்டன் இருக்காமே?"

செல்வராசு விசாரித்துச் சொன்ன தகவல் அது. மேலே உள்ளவர் அதை அழுத்தினால் அவர் மதகுக்கு நேரம் நீளும், கடைமடையின் முறை தள்ளிப்போகும். கீழே உள்ளவரின் திரையில் பழைய நேரமே நிற்கும்.

"கஸ்டமர் கேட்டாங்க, சேர்த்தோம்."

"யாரு கஸ்டமர்? கடைசில இருக்கிறவர் கஸ்டமர் இல்லையா? அவருக்குச் செய்தி போகணும்ல?"

"அது அடுத்த வெர்ஷன்ல வரும்."

"உங்க நிரலக் காட்டுங்க. இப்பவே உக்காந்து நான் சரி பண்ணித் தர்றேன். சும்மாவே."

அவர் சிரித்தார். "கோடெல்லாம் வெளிய காட்ட முடியாது. அது எங்க ஐபி, மேடம்."

கலியமூர்த்தியின் கணக்கு, ரஃபியின் செய்தி, என் பட்டியல், என் எழுத்துப் பிழை. எல்லாம் சேர்ந்து அவர்களுடைய அறிவுச் சொத்து! காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அதற்குள் செல்வராசுவின் நடவில் பாதி போய்விட்டது.

4. ரஃபி சொன்னது

அன்று தொடங்கி உரிமங்களை வரி வரியாகப் படித்தேன். வெறும் ஜிபிஎல் போட்டிருந்தாலும் முழுப் பயன் இருந்திருக்காது. மென்பொருளை மற்றவரிடம் கொடுத்தால்தான் அது மூல நிரலைத் திறந்து காட்டச் சொல்லும். இவர்களோ முக்கியமான நிரலைத் தங்கள் சர்வரிலேயே வைத்து ஓட்டினார்கள். ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல் அந்த இடத்தைப் பிடிக்கிறது. மாற்றி எழுதி சர்வரில் ஓட்டினாலும், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மாற்றிய மூலத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இனி எழுதுவதை ஏஜிபிஎல்லில் வெளியிட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பழைய குறிப்புகளை விட்டுவைத்தால் போதும், எம்ஐடி அதையும் அனுமதிக்கிறது. ஆனாலும் இருவரிடமும் கேட்டேன். கேட்காமல் செய்தால் எனக்கும் அந்த மேலாளருக்கும் என்ன வித்தியாசம்?

வாத்தியார் யோசிக்கவே இல்லை. "போடுங்க மேடம். நான் போட்ட கணக்க யாரு மாத்தினாலும் அது எல்லார் கண்ணுக்கும் தெரியணும்."

ரஃபி தயங்கினான். "அக்கா, ஏஜிபிஎல்னா எங்க கம்பெனில தொடவே விட மாட்டாங்க, தங்க கோடையும் திறக்க வேண்டி வந்துடுமோன்னு பயம். அதுக்கப்புறம் என்னால ஒரு வரிகூட எழுத முடியாது."

"அப்ப வேண்டாம்கிறியா?"

"போடுங்க. எனக்குத்தான் கஷ்டமா இருக்கு."

என் அவசரத்துக்கு இரண்டாவது விலை அது. நல்ல ஆள் ஒருவனை இழந்தேன்.

5. சங்கக் கூட்டம்

எந்த ஆப்பை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய, அடுத்த பருவத்துக்கு முன் செல்வராசுவின் பாசன சங்கம் கூடியது. நானும் போனேன், நிறுவனத்தின் ஆளும் வந்திருந்தார். அவர் பெரிய திரையில் படம் காட்டினார். வண்ண வண்ணமாக நன்றாகவே இருந்தது. என்னிடம் படம் இல்லை. நேரத்தை யார் நீட்டினாலும் எல்லாருடைய போனுக்கும் செய்தி போகும், மென்பொருளை யார் திருத்தினாலும் அதையும் எல்லாரும் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

செல்வராசு எழுந்து நிறுவன ஆளைக் கேட்டார்: "போன சம்பாவுல யாரு அந்தப் பட்டன அழுத்தினாங்கன்னு காட்டுவீங்களா?"

"அது கான்ஃபிடென்ஷியல் சார்."

"ஏன் காட்ட மாட்டீங்க? எங்க வாய்க்காதானே?"

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. மேல்மடைக்காரர்கள் சிலர் வெளியே போனார்கள். கடைசியில் எங்களுடையதை வைத்துக்கொள்வது என்று முடிவானது.

அந்த ஒரு வாய்க்காலில் மட்டும்தான். மற்ற இடங்களில் நிறுவனத்தின் ஆப் இன்றும் ஓடுகிறது. எங்கள் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்த்துவிட்டார்கள். பட்டனை எடுக்கவில்லை. ஒருமுறை எம்ஐடியில் கொடுத்துவிட்டதைத் திரும்ப வாங்க முடியாது.

எம்ஐடி மோசமான உரிமம் என்று நான் சொல்லவில்லை. பல வேலைகளுக்கு அதுதான் சரி. ஆனால் உரிமத்தைச் சொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை ஒருவன் மூடிவைத்துக்கொண்டால் பாதிக்கப்படப் போவது யார்? நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பக்கூட எனக்கு உரிமை இல்லை. அனுமதி கொடுத்தவள் நான். காய்ந்தது செல்வராசுவின் வயல்.