ஒரே கூடம், இரண்டு அடுப்பு

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் யோசியுங்கள்.

இரண்டு பேர் ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். மழைக்கு ஒரே குடையில் நடக்கிறார்கள். திரும்பும்போதும் ஒன்றாகத்தான் போவார்கள். பசி வந்த நேரத்தில் மட்டும் ஒருவர் தெருவின் இந்தப் பக்கம் போகிறார், மற்றவர் அந்தப் பக்கம் போகிறார். அவர்களுக்குள் சண்டை கிடையாது. யார் அவர்கள்?

விடை, நானும் என் கணவரும். நான் காரைக்காலில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். மீன் இல்லாத நாளை நோன்பு நாள் என்று சொல்லி வளர்த்தார்கள். என் கணவர் சுந்தரம் விழிதியூரில் சுத்த சைவ விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அதற்குப் பிறகு என் மாமனார் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. என் அப்பாவும் அப்படியே. வெளியே சாப்பிடலாம் என்றால், அன்றைக்கு எங்கள் கண்ணில் பட்டவை இரண்டே வகை. ஒன்றில் 'சைவம்' என்று பெரிய எழுத்தில் பலகை. இன்னொன்றில் வாசலிலேயே கறி வாசனை. அவர் ஒன்றில், நான் ஒன்றில்.

எழுபதுகளின் பின்பாதியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக் கட்டடம் பிடித்து நாங்களே ஹோட்டல் ஆரம்பித்தோம். பின்கட்டில் இடப்பக்கம் சைவ அடுப்படி. அதற்கு மாஸ்டர் சபாபதி. வலப்பக்கம் அசைவம். அதற்கு யூசுப் பாய். சைவத்துக்குப் பித்தளைக் கரண்டி, பித்தளை வாளி. அசைவத்துக்கு எல்லாம் எவர்சில்வர். கண்ணால் பார்த்தாலே தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சாப்பிடும் கூடம் மட்டும் ஒன்று. நடுவில் தடுப்பு கிடையாது. கல்லாவில் நான்.

ஹோட்டல் நடத்தியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமைப்பது பாதி வேலைதான். யாருக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பது மீதி வேலை.

கிணறு

திறந்த முதல் மாதம். திருநள்ளாறு போய்விட்டு வந்த ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். கணவர் உட்காரவில்லை. அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். இரண்டு அடுப்பையும் பார்த்தார். பித்தளைக் கரண்டிகளை எண்ணாத குறைதான். அம்மிக்கல் இரண்டு இருப்பதைப் பார்த்து முகம் தெளிந்தது. பிறகு கொல்லைப்புறம் எட்டிப் பார்த்து, கிணறு எத்தனை என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன்.

அவர் முகம் மறுபடி மாறியது. தண்ணீர் ஒன்று என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று ஆரம்பித்தார். இன்னொரு கிணறு வெட்டுகிற யோசனை எங்களுக்கு இல்லை என்று நானும் சொல்லிவிட்டேன். அதற்குள் கூடத்திலிருந்து எழுந்து வந்த மனைவி, அவரைக் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"காலையில முங்கிக் குளிச்ச குளத்துலயும் மீன் இருந்துச்சு. கால்ல கடிச்சதுன்னு நீங்கதான் சொன்னீங்க. வந்து உக்காருங்க."

வெள்ளிக்கிழமை

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்கு நிரந்தர வாடிக்கையாளர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். மற்ற நாள்களில் யூசுப் பாயின் ஆட்டுக்கறிக் குழம்பு. வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டார். தவக்காலம் வந்துவிட்டால் அந்த ஒழுக்கம் இன்னும் கடுமையாகிவிடும்.

அப்படி ஒரு தவக்கால வெள்ளியன்று சாதம் கேட்டார். சாம்பார் கேட்டார். பிறகு, கூச்சமே இல்லாமல், ஒரு துண்டு கொடுவா மீன் கேட்டார். எவர்சில்வர் வாளியில் மீன் வந்ததும் கையால் மறித்தார். அந்த வாளியின் கரண்டி நேற்று கறியில் கிடந்திருக்கும், அதனால் சைவ அடுப்படியின் பித்தளைக் கரண்டியால் மீனைப் பரிமாற வேண்டும் என்றார். அடுத்த மேசையில் சைவச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியருக்குப் புரை ஏறியது.

பித்தளைக் கரண்டி மீனைத் தொடாது என்றேன். நானும் அவர் போகிற மாதா கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றவள், வெள்ளிக்கிழமை இறைச்சிதான் கூடாது, மீனுக்குத் தடையில்லை என்பது எனக்கும் தெரியும் என்றும் சொன்னேன். எவர்சில்வர் கரண்டி ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து அதில் பரிமாறச் சொன்னேன். சாப்பிட்டார். ஆனால் தோற்றுப் போனதாக ஒப்புக்கொள்ளவில்லை. கை கழுவிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, கல்லாவுக்கு வந்தார்.

"திருச்சபையே மீனை இந்தப் பக்கம் தள்ளி வச்சிருக்கு. நீ மட்டும் இன்னும் அந்தப் பக்கமே வச்சிருக்கே."

திரைச்சீலை

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்தில் எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வருபவர்களின் தாகம் ஊரறிந்தது. அவர்களில் சிலருக்கு இரகசியம் தாகத்தோடு முடிவதில்லை. வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்காத குடும்பத்து மனிதர்கள், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிரியாணி கேட்பார்கள். மூலை மேசைக்கு ஒரு திரைச்சீலை மாட்டக் கூடாதா என்று என்னிடம் கெஞ்சியவர்கள் பலர். மாட்ட முடியாது என்பதே என் பதில். இங்கே யாரும் திருடித் தின்னவில்லை, பிடித்ததைச் சாப்பிடுகிறார்கள். அதற்குத் துணி எதற்கு?

ஒருநாள் மூலை மேசையில் ஒரு பெரியவர் கோழியின் தொடைப் பகுதியைக் கையில் எடுத்த நேரம். நெற்றியில் திருநீறோடு ஓர் இளைஞர் நேராக உள்ளே வந்து, சுற்றும் முற்றும் பார்க்காமல், அதே மேசையின் எதிர்ப்புறம் உட்கார்ந்து, "ஒரு மட்டன் பிரியாணி" என்றார். சொன்ன பிறகுதான் எதிரே பார்த்தார். பெரியவர் அவருடைய மாமனார்.

கூடத்தில் என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. பெரியவர் கோழியைக் கீழே வைப்பதா, வாயில் வைப்பதா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைதான் முதலில் நிதானத்துக்கு வந்தார்.

"நீங்க இங்க வரலை மாமா. நானும் வரலை. வராதவங்க எதுக்குத் தயங்கணும், சாப்பிடுங்க."

ஒரு கரண்டி

இது எங்கள் தவறு. மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை. திருநள்ளாறு கோயிலுக்கு வந்த கூட்டம் எங்கள் கூடத்தில் பாதி நின்றுகொண்டிருந்தது. பித்தளைக் கரண்டி போதவில்லை. பரிமாறுபவர்களில் ஒருவர் அவசரத்துக்கு எவர்சில்வர் கரண்டி ஒன்றைக் கழுவி, சாம்பார் அண்டாவில் போட்டு, அதே கரண்டியோடு பரிமாற வந்துவிட்டார். தருமபுரத்திலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டார். இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, அது எந்தக் கரண்டி என்று கேட்டார்.

புதுக் கரண்டி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் அந்தக் கூடத்தில் சுவர் இல்லை. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வார்த்தைதான் இருந்தது. அசைவக் கரண்டிதான், தவறு நடந்துவிட்டது என்றேன். எல்லார் முன்னிலையிலும் அண்டாவைத் தூக்கிக் கொல்லையில் கொட்டச் சொன்னேன். சபாபதி மறுபடி பருப்பை ஏற்றினார். பக்கத்து அடுப்படியிலிருந்து வந்த யூசுப் பாய், கரண்டிப் பக்கமே போகாமல், சபாபதியின் அரிவாள்மணையில் கத்தரிக்காயை மட்டும் நறுக்கிக் கொடுத்தார். கூட்டத்தில் பாதி எழுந்து போய்விட்டது. அந்த அம்மா மட்டும் போகவில்லை.

"பொய் சொல்லியிருந்தா சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன். நிஜத்தைச் சொல்லி இப்படிப் பட்டினி போட்டுட்டீங்க. கொதிச்சதும் கூப்பிடுங்க, இங்கதான் இருப்பேன்."

சுவர்

எழுந்து போன பாதிக் கூட்டம் சும்மா போகவில்லை. விஷயம் கட்டடத்துக்காரர் காதுக்குப் போனது. அவர் கெட்டவர் அல்ல. ஊரில் நாலு பேர் சொல்வதைக் கேட்டு நடக்கிறவர், அவ்வளவுதான். தை மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் கூடத்தின் நடுவே சுவர் வைத்து, வாசலும் இரண்டாக்க வேண்டும் என்றார். செலவு அவருடையது. செங்கல்லுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டார்.

சுவர் வேண்டாம் என்றார் சுந்தரம். சுவர் வந்தால் நாங்கள் இருக்க மாட்டோம் என்றேன் நான். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடத்தான் இந்த ஹோட்டல். சுவருக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானும் உட்காருவதற்குப் பழைய தெருவே போதும். காலி செய்தால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தெருவில் நிற்க மாட்டோம், அடுப்படியில் இருக்கிற அத்தனை பேரும் நிற்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சபாபதியிடமும் யூசுப் பாயிடமும் அதைச் சொன்னேன். சுவருக்கு எந்தப் பக்கம் இடம் கொடுத்தாலும் தங்களுக்கு வேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள்.

கட்டடத்துக்காரர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பேசினார். மானமுள்ள சைவக் குடும்பத்துப் பெரியவர்கள் இப்படி ஒரு கூடத்தில் உட்கார மாட்டார்கள் என்றார். தினமும் உட்காருகிறார்களே என்றேன். அவர் சுந்தரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஊரான் அப்பனை விடுங்க தம்பி, உங்க அப்பா வந்து இந்தக் கூடத்துல இலை போட்டு உக்காரட்டும். அப்புறம் நான் சுவர்ங்கிற பேச்சையே எடுக்கலை."

நடு மேசை

சுந்தரம் விழிதியூருக்குப் போய்த் தன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர், எங்கள் மகள் நிர்மலாவுக்கு ஐந்து வயது முடிகிற அன்று வருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை வைத்தார். பேத்தி தன் பக்கத்தில் உட்கார்ந்து தான் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும்.

செய்தி என் அப்பாவுக்கு எட்டியது. கடற்கரை ஊரில் பிறந்த குழந்தை மீன் தின்னாமல் வளர்வதா என்று அவரும் அன்றே வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினேன். என்ன வேண்டும் என்று அவளைக் கேட்போம். அவள் சொன்ன பிறகு யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. சம்மதம் என்றால் வாருங்கள், இல்லையென்றால் சுவர் எழும்பட்டும், நாங்கள் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு பேரும் சம்மதித்தார்கள். தன் பக்கம்தான் ஜெயிக்கும் என்று இரண்டு பேருக்குமே நம்பிக்கை.

அன்று செவ்வாய்க்கிழமை, மதியம். கட்டடத்துக்காரர் முன்னதாகவே வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்துகொண்டார். என் அப்பா நடு மேசையில் ஒரு பக்கம் உட்கார்ந்தார். மாமனார் வாசலில் நின்றார். சுவர் ஓரத்தில் வரிச்சிக்குடியிலிருந்து வந்த நாலைந்து பேர் மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தார். மேல்துண்டால் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. நான் கல்லாவை விட்டு எழவில்லை. வாருங்கள் என்று ஒரு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்வதாக இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். சபாபதி பித்தளை வாளியோடு தாமே வந்து பரிமாறினார். மாமனார் இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, முதல் வாய் எடுத்து வைத்தார். கட்டடத்துக்காரர் மீதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். போகும்போது சுந்தரத்தின் தோளைத் தொட்டு, செங்கல்லை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

இரண்டு பெரியவர்களுக்கும் நடுவே, நாற்காலிமேல் பலகை போட்டு நிர்மலாவை உட்கார வைத்தேன். மாமனார், தயிர்ச்சோறு வேண்டுமா என்று அவளைக் கேட்டார். தலையாட்டினாள். மாமனார் என் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா விடவில்லை. வஞ்சிரம் வறுத்தது இருக்கிறதே என்றார். அதற்கும் தலையாட்டினாள். இரண்டும் வந்தன, பித்தளையில் ஒன்று, எவர்சில்வரில் ஒன்று. அவள் மீனில் ஒரு துண்டைப் பிய்த்துத் தயிர்ச்சோற்றில் வைத்து உருட்டினாள்.

மாமனார் பதறிப்போய்க் கையை நீட்டினார். என் அப்பாவும் அதே நேரத்தில் நீட்டினார்.

"மீனும் தயிரும் ஒண்ணாச் சேக்கக் கூடாது கண்ணு, ஒடம்புக்கு ஆகாது" என்றார் மாமனார்.

"சம்பந்தி சொல்றதைக் கேளு" என்றார் என் அப்பா. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவை.

மறுபேச்சு கூடாது என்பது ஒப்பந்தம் என்று கல்லாவிலிருந்து ஞாபகப்படுத்தினேன்.

நிர்மலா இரண்டையும் சேர்த்தே சாப்பிட்டாள், பிறகு இன்னொரு துண்டு மீனும் இன்னும் கொஞ்சம் தயிரும் கேட்டாள்.