அம்மா பாலத்தில் பழகிய சைக்கிள்

புனேயின் போபோடியில் எங்கள் சந்துக்குப் பின்னால், ஓடையின் குறுக்கே, கல் வளைவுகள்மேல் ஒரு பழைய ரயில் பாலம் நின்றது. பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சரக்கு போன தடம் அது. ரயில் நின்று வெகுகாலம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், தண்டவாளத்தைப் பெயர்த்து சிமெண்டு போட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிட்டார்கள். மோட்டார் வண்டி நுழையாதபடி இரண்டு முனையிலும் கம்பம் நட்டார்கள்.

அந்த வருடம்தான் கட்கியில் ஒரு பால்வாடியில் அம்மாவுக்கு ஆயா வேலை கிடைத்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவளுக்கென்று கிடைத்த முதல் வேலை. பாலத்தைத் தாண்டி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போகவேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

"ரோஜ் காலைல உன்ன யாரு கொண்டாந்து வுடுவா? எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். வேணாம் வுடு," என்றார் அப்பா.

மறுநாள் காலை அம்மா என் லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்குப் போய்விட்டாள். எனக்கு மதியப் பள்ளி, அதனால் நானும் ஓடினேன். வேலையில் சேர இருபது நாள் இருந்தது.

"சீதா பாரும்மா, நேரா பாரு, நீச்சே தரையப் பாக்காத," என்பேன்.

"நீ கேரியர வுட்றாதடி," என்பாள். நான் விட்டு ரொம்ப நேரம் ஆகியிருக்கும்.

நடக்க வரும் மராத்திக் கிழவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனை சொல்லாவிட்டால் புனேக்காரர்களுக்குக் காலை டீ இறங்காது.

பதினைந்தே நாளில் அம்மா பறந்தாள், ஆனால் நேராக மட்டும். பாலத்தில் திருப்பமே கிடையாது. முனை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, சுவரோரத் திட்டில் கால் ஊன்றி ஏறிக்கொள்வாள். திட்டு இல்லாமல் ஏறவும் தெரியாது. வேலைக்குக் கிளம்பிய காலையில்தான் இது எனக்கு உறைத்தது. நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி.

பாலம் முடிகிற இடத்தில் பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பி ரோட்டில் சேரும். அம்மா புதுப் புடவையில் மிதித்துக்கொண்டு போனாள். நான் பின்னால் ஓடினேன்.

"எறங்கும்மா, தள்ளிக்கினு போலாம்."

இறங்கினால் ரோட்டில் மறுபடி ஏற முடியாது. அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டு போனால் முதல் நாளே லேட். அதை அவளும் யோசித்திருக்கவேண்டும். இறங்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே புகுந்து, ஒரு காலைத் தரையில் தேய்த்தபடி, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பினாள். ஒரு டெம்போக்காரன் ஹார்ன் அடித்தான். சைக்கிள் ஆடியது, விழவில்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். ஒரு தடவையாவது என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவே இல்லை, வேலைக்குப் போய்விட்டாள்.