சுடர் அசையாத அறை

ஊரில் மனிதர்கள் வியர்ப்பார்கள்; லண்டனில் சுவர்கள் வியர்க்கின்றன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குளிர் தொடங்கிவிட்டால், விடிய எழும்பித் திரைச்சீலையை விலக்கும்போது கண்ணாடியின் உட்பக்கத்தில் தண்ணீர் கோடு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். வெளியே மழை இராது, கூரையும் ஒழுகியிராது. எங்கள் மூச்சும், நான் வடித்த சோற்றின் ஆவியும், ஹீற்றர் மேல் காயப்போட்ட உடுப்புகளின் ஈரமும்தான் இரவோடிரவாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கென்றே ஒரு பழைய துவாய் வைத்திருக்கிறேன். பல் துலக்க முன்னர் ஜன்னல் துடைக்கிற நாட்டுக்கு வந்து சேருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வந்த முதல் வருடம், அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த என் கூறைச் சேலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அன்றைக்கு அழுதது இந்த ஈரத்துக்காகத்தான்.

நாங்கள் இருப்பது குட்மேய்ஸில், நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரிசை வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே கேட்கும். அதற்கு முன் ஜேர்மனியில் இருந்தோம். அங்கே சுவர் தடிப்பு, ஜன்னல் இறுக்கம். ஆனால் வீட்டுக்காரி தினமும் காலையில் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்துவிடச் சொல்லுவாள். பனி கொட்டினாலும் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் படியேறி வந்து கதவைத் தட்டுவாள். என் கணவருக்கு அவள் மேல் அப்படியொரு கோபம். காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை ஏன் தெருவுக்கு விடவேண்டும் என்று கேட்பார். லண்டனுக்கு வந்ததும் அவர் முதலில் சொன்னது, “இனி என்ர வீட்டு ஜன்னலை ஒருத்தியும் வந்து திறக்கேலாது” என்பதுதான். இந்த வீட்டுக்கு ஜன்னல் திறக்கவும் தேவையில்லை, பூட்டியிருக்கும்போதே காற்று வந்து போகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர்கள் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்துத்தான் ஜன்னல் வைப்பார்கள். போதாததற்குச் சுவரின் மேல்வரியில் பூக்கல் வைத்து ஓட்டை விடுவார்கள். அந்த ஓட்டைகளால் குருவி வந்து கூடு கட்டும். ஒருவரும் கலைக்க மாட்டார்கள். ஆக, வீட்டில் ஓட்டை இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. அந்த ஓட்டையால் குளிர் வரும் என்பதுதான் புதிது. இங்கே முன்னறையில், காஸ் ஹீற்றருக்கு அருகே, வெளிச்சுவரில் ஒரு துவாரம் இருந்தது. இரும்புச் சல்லடை போட்டு வேண்டுமென்றே விட்ட துவாரம். எந்த மடையன் குளிர் நாட்டில் சுவரைத் துளைத்து விட்டான் என்று நாங்கள் இருவரும் எத்தனையோ முறை திட்டியிருக்கிறோம்.

போன மார்கழியில் கவுன்சில் திட்டமொன்றில் எங்கள் வீட்டுக்கும் இலவசமாகக் குளிர்காப்புச் செய்து தந்தார்கள். முதலில் ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்தார். வயதானவர், பெயர் கெவின். சுவரை விரலால் தட்டி, இது இடைவெளி இல்லாத கட்டிச் சுவர், உள்ளே எதையும் நிரப்ப முடியாது, கூரைக்குக் கீழே கம்பளிப் பஞ்சு விரிக்கலாம், கதவு ஜன்னல்களின் இடுக்குகளை அடைக்கலாம் என்றார். போகும்போது முன்னறைத் துவாரத்தைக் காட்டி, “இதை மட்டும் மூடிவிடாதீர்கள். வீடு மூச்சுவிட வேண்டும்” என்றார். நாங்கள் மரியாதையாகத் தலையாட்டினோம். அவர் போனபிறகு என் கணவர், “வெள்ளைக்காரன்ர வீடும் மூச்சு விடோணுமாம், பாருமன்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேலை முடிந்ததும் வீடு வேறு வீடாகிவிட்டது. கூரைக்குள் மஞ்சள் பஞ்சு முழங்காலளவுக்கு விரித்திருந்தார்கள். கதவுக்கடியில் தூரிகை போல் ஒரு பட்டி, ஜன்னல் விளிம்பெல்லாம் ரப்பர். லண்டனில் முதல் தடவையாகக் காலுறை போடாமல் நடந்தேன். மிஞ்சிய ஒரு சுருள் பஞ்சை ஏதாவது தேவைக்கு இருக்கட்டும் என்று என் கணவர் மேல்மாடி மூலையில் வைத்தார். எங்கள் ஆட்கள் மிஞ்சியதை எறிய மாட்டார்களே.

பிறகு தை மாதம் வந்தது. ஊரில் கடைசிப் போர் நடந்த அந்த மாதங்களை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. என் அண்ணை குடும்பத்தோடு வன்னியில் அகப்பட்டிருந்தார். மார்கழிக்குப் பிறகு அவருடைய குரலே இல்லை. முன்னறை மூலையில் சாமிப்படங்களுக்கு முன்னால் நான் ஒரு விளக்கேற்றி, அண்ணையின் பேரைச் சொல்லி, அது அணையாமல் பார்த்துக்கொண்டேன். நான் படித்தவள்தான். விளக்கு அணைந்தால் அணைந்ததுதான், அதற்கும் ஷெல்லுக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுவர்த் துவாரத்தால் வந்த காற்றில் சுடர் துடித்து, ஒரு மாலை என் கண் முன்னாலேயே அணைந்தபோது, அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடைய சத்தம் என்று தெரியவே கொஞ்ச நேரமாயிற்று.

என் கணவர் மேலே போய் அந்தப் பஞ்சுச் சுருளில் ஒரு துண்டு வெட்டி வந்து, துவாரத்துக்குள் இறுக்கித் திணித்து, மேலே அகலமான ஒட்டுநாடாவையும் ஒட்டினார்.

“இனி அணையாது, பாரும்” என்றார்.

விளக்கை மறுபடி ஏற்றினேன். சுடர் வரைந்து வைத்ததுபோல் நேராக நின்றது. அந்தக் கிழமைக்குள், அண்ணையை உயிரோடு கண்டதாக ஒருவர் சொன்ன செய்தி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பஞ்சை எடுக்கச் சொல்லி யார் சொன்னாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

எங்களுக்குத் தலையிடி தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஜன்னல்களும் முன்னையைவிடக் கூடுதலாக வியர்த்தன. இரண்டையும் நாங்கள் சேர்த்து யோசிக்கவில்லை. எப்படி யோசிப்பது? நாள் முழுக்க ரிவியில் பிணங்களைப் பார்க்கிறோம், சாப்பாடு இறங்குவதில்லை, நித்திரையில்லை. கோயிலில் கண்டவர்களும் கடையில் கண்டவர்களும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். என் கணவர் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, பகலில் முன்னறை சோபாவில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு படுப்பார். எழும்பும்போது முகம் சிவந்திருக்கும், சிலவேளை கழிப்பறைக்கு ஓடிச் சத்தியெடுப்பார். கவலைதான் என்றேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

சித்திரையில், போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடியது. நானும் அவரும் முறை வைத்துப் போனோம். அன்றைக்கு என் முறை. அவர் வேலையால் வந்து நெற்றியை அமத்தியபடி இருந்தார்.

“சரியான தலையிடி. ரெண்டு பனடோல் போட்டிட்டுப் படுக்கிறன். நீர் போட்டு வாரும்.”

“நான் நிக்கட்டே?”

“நிண்டு என்ன செய்யப் போறீர்? அண்ணைக்காகப் போம்.”

ஹீற்றரின் சூட்டைக் கூட்டிவிட்டு, முன்னறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனேன். குளிர் உள்ளே போகக்கூடாது என்று கதவடியில் ஒரு துவாயையும் வைத்தேன்.

பாராளுமன்றச் சதுக்கத்தில் பறை அடித்தார்கள். அண்ணை குடும்பத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் போல என் கைத்தொலைபேசி அடித்தது. கெவின். செய்த வேலையைப் பார்வையிட வந்திருந்தார், நான்தான் மறந்துபோனேன்.

“கதவைத் தட்டுகிறேன், ஒருவரும் திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடுகிறது.”

“என் கணவருக்கு இரவு வேலை. நித்திரையாக இருப்பார். இன்னொரு நாள் வாருங்கள்.”

“முன் ஜன்னலெல்லாம் தண்ணீராக இருக்கிறது. ஹீற்றர் போட்டிருக்கிறதா?”

அவர் தன் வேலை எப்படி என்று கேட்கிறார் என நினைத்தேன். “வீடு இப்போது நல்ல சூடு. மிக்க நன்றி” என்றேன்.

அவர் ஜன்னலை மறுபடி தட்டுவது கேட்டது. பிறகு, “அவருக்குத் தலையிடி ஏதாவது?” என்றார்.

“எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தலையிடிதான். எங்கள் நாட்டில் என்ன நடக்கிறது தெரியுமா?”

“மன்னியுங்கள், அதைக் கேட்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே போனால் அவருக்குச் சுகமாகிவிடுகிறதா?”

யோசித்துப் பார்த்தேன். வேலைத்தலத்திலிருந்து கதைக்கும்போது அவர் நன்றாகத்தான் இருப்பார். நானும் சதுக்கத்துக்கு வந்த நாட்களிலெல்லாம், நாள் முழுக்கக் குளிரில் நின்றும், தலையிடி இல்லாமல்தான் இருந்திருக்கிறேன்.

“அந்தத் துவாரத்தை மூடினீர்களா?”

“ஓம்” என்றேன், தமிழிலேயே. அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

நான் ஓடினேன். படத்தை யாரிடம் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. நிலக்கீழ் ரெயினுக்குள் தொலைபேசி வேலை செய்யாது. அது தெரிந்தும் திரும்பத் திரும்ப வீட்டு இலக்கத்தை அழுத்தினேன். இத்தனை மாதமாக வன்னிக்கு எடுத்து எடுத்துப் பழகிய விரல். பதிலில்லாத அந்த ஊமைச் சத்தத்தை நான் நன்றாக அறிவேன். ஆனால் அது குட்மேய்ஸிலிருந்து வரும் என்று நினைக்கவே இல்லை. சாவு அங்கே இருக்கிறது, நாங்கள் இங்கே தப்பி இருக்கிறோம் என்றுதான் எண்ணியிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னிடம் ஏதோ கேட்டாள். “என் மனுசன்” என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி அடுத்த ரெயினுக்கு நின்றபோதுதான், கெவினின் அழைப்புக்குப் பிறகு அண்ணையை ஒரு தரமும் நினைக்கவில்லை என்பது உறைத்தது. அதற்கும் பயந்தேன். நான் நினைக்காத நேரத்தில் அங்கே ஏதாவது நடந்துவிடுமோ என்று.

வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றது. என் கணவர் நடைபாதையில், போர்வை சுற்றி, முகத்தில் ஒட்சிசன் மூடியோடு படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் கையை அசைக்கப் பார்த்தார், முடியவில்லை. கெவின் கையில் சீலை சுற்றியிருந்தது, இரத்தம் கசிந்தது. நான் அவருக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு நின்றேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், காயம் பெரிதில்லை என்று சொன்னார். நெருப்பு எரியக் காற்று வேண்டும், காற்றில்லாவிட்டால் மணமில்லாத ஒரு நஞ்சு வரும் என்று ஆஸ்பத்திரியில் விளங்கப்படுத்தினார்கள். முந்தி வீட்டின் ஓட்டை உடைசல்கள் எங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அவற்றையெல்லாம் அடைத்து, கடைசித் துவாரத்தையும் மூடி, உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு நாங்கள் சுகமாக இருந்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். மிச்சத்தை என்னால் கேட்க முடியவில்லை, எழும்பி வெளியே போய்விட்டேன்.

இதைப் படிக்கிற எங்கள் ஆட்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய வீட்டுக்குப் பஞ்சு போடுங்கள், இடுக்கை அடையுங்கள், குளிரில் கிடந்து நடுங்க வேண்டாம். ஆனால் காஸ் எரிகிற அறையின் துவாரத்தில் கை வைக்காதீர்கள். ஹீற்றரைத் துப்பரவாக்கிப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். நஞ்சு வந்தால் கத்துகிற சின்னப் பெட்டி கடையில் இருக்கிறது, வாங்கி மாட்டுங்கள். அந்த அறையில் சாமியை வைத்திருந்தால் சாமியை நகர்த்துங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

நாங்கள் அந்த ஹீற்றரையே கழற்றிவிட்டோம். என்றாலும் என் பயம் கழலவில்லை. இவர் பகலில் படுத்தால் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். “உயிரோடதான் கிடக்கிறன், போய்ச் சமையும்” என்று கண்ணைத் திறக்காமலே சொல்லுவார். சிரிப்பு வரும். திரும்பி இரண்டடி வைத்ததும் மறுபடி பயம் வரும்.

வைகாசியில் போர் முடிந்த பிறகு அண்ணையும் குடும்பமும் முகாமில் இருப்பதாக அறிந்தோம். குரல் கேட்டது போன கிழமைதான். யாருடையதோ கைத்தொலைபேசி. பகல் நேரம்; இவர் நித்திரை. நான் வழமைபோல மூச்சுப் பார்க்க அவருடைய நெஞ்சில் கையை வைத்திருந்தேன்.

“தங்கச்சி, அண்ணை கதைக்கிறன்.”

“அண்ணை!”

“கெதியாக் கதைக்கோணும். எல்லாரும் இருக்கிறம். கூடாரத்துக்குள்ள ஒரே அவியல், காத்தில்லை. சின்னவனுக்கு இழுக்குது, மூச்சு விடக் கஷ்டப்படுறான். நீங்கள் சுகமே? மச்சான் எங்கை?”

“சுகம் அண்ணை. அவர் நித்திரை.”

“நீங்கள் எண்டாலும் அங்க பயமில்லாமல் இருக்கிறியள். எனக்கு அது காணும்.”

அந்தப் பக்கம் யாரோ அதட்டினார்கள். அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை இழுத்து இழுத்து மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நன்றாகக் கேட்பதற்காகத் தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன். தொடர்பு அறுந்தது. அதைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. இவருடைய நெஞ்சிலிருந்து மற்றக் கையை எடுக்கவும் பயமாக இருந்தது. இரண்டையும் பிடித்தபடி, அவர் எழும்பும்வரை அப்படியே நின்றேன்.