இடது ஓரத்து இடமும் ஆறு பச்சை முட்டையும்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே பந்தாட்ட அணியில் இடது ஓரத்தில் ஓர் இடம் காலியானது. அது கிடைத்தால் அடுத்த மாதம் கிள்ளானில் போய் ஆடலாம். இருபத்திரண்டு வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை. பெண் பார்க்கலாமா என்று ஊரிலிருந்து வந்த கடிதத்துக்குக்கூட, கிள்ளான் ஆட்டம் முடியட்டும் என்றுதான் பதில் போட்டேன். வேலைக்குப் போகும் வழியில் காலி மைதானத்தின் இடது ஓரமாகவே நடப்பேன். புல்லுக்கு என்னைப் பழக்கிவைக்கிறேன் என்று நினைப்பு.

போட்டிக்கு இருந்தவன் என் அறைத்தோழன், பக்கத்து ஊரான சாலாக் செலாத்தான்காரன். இருவருக்கும் யார்டில் ரயில் பெட்டிகளைக் கோர்க்கும் வேலை. பெட்டி நகர்ந்தால் கூடவே ஓடி, நின்றால் நின்று, மறுபடி ஓட வேண்டும். பந்தாட்டமும் அப்படித்தான். நிற்காமல் ஓட மூச்சு போதும், நின்று நின்று ஓடத்தான் சத்து வேண்டும் என்று நம்பினேன். நம்பியதோடு விடாமல் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன்.

ரயில்வே ஆட்கள் சேர்ந்து தங்கியிருந்த எங்கள் வீட்டில் பதினான்கு பேருக்கு ஒரே அடுப்பு. அங்கே ஒருவர் ஆசையாக நீட்டுவதை வேண்டாம் என்றால் ஒரு மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். சமையல் அண்ணன் ஊறவைத்த கொண்டைக்கடலையும் கருப்பட்டியும் நீட்டினார். ரயில்வே கேட் காவல்கார அண்ணன் கறுப்பு பீரில் பச்சை முட்டையை அடித்து நீட்டினார். போதாதென்று சீனர் மருந்துக் கடையில் ஏதோ ஒரு வேரை நானே வாங்கிச் சப்பினேன்.

"உனக்கு ஒண்ணும் வேணாமா?" என்று தோழனைக் கேட்டேன்.

"சோறு இருக்குலா, கருவாட்டுக் குழம்பு இருக்கு. ஏன் மாப்ளே, நீ ஓடப் போறியா, அடைகாக்கப் போறியா?"

ஆள் எடுக்கும் ஆட்டத்தன்று மதியம் எல்லோரும் பாசத்தில் இரட்டைப் பங்கு தந்தார்கள். முட்டை மட்டும் ஆறு. ஒன்றையும் மறுக்கவில்லை.

முதல் ஓட்டம் பிரமாதம். இரண்டு பேரைத் தாண்டிப் போனேன். ஓடும்போது ஒன்றுமில்லை, நின்றால்தான் வயிறு கலங்கியது. மூன்றாம் தடவை நின்றபோது எனக்கு வேறு வழியில்லை. மைதானத்தை விட்டே வெளியே ஓடினேன்.

"டேய், பந்து இந்தப் பக்கம் இருக்குடா," என்று கேட் அண்ணன் கத்தியது வேலிக்கு அப்பாலும் கேட்டது. அன்றைக்கு என் மிக வேகமான ஓட்டம் அதுதான்.

இடம் தோழனுக்குப் போனது. மாலையில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீயும் கிள்ளானுக்கு வாடா. இடைவேளைக்கு ஆரஞ்சு வெட்டிக் கொடுக்க ஆள் வேணுமாம்."

போனேன். வேட்டியை மடித்துக் கட்டி, கூடையும் கத்தியுமாக இடது ஓரத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவன் வெறுங்காலோடு ஓடினான். நான் ஆசைப்பட்ட புல் அவன் காலடியில் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. எப்போது கூடையைக் கீழே வைத்தேன் என்று நினைவில்லை. அவன் ஓடினால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நானும் ஓடினேன். அவன் நின்றால் நின்றேன். அவனுக்கு ஒரு கை தூரத்தில், ஆட்டத்தில் இல்லாமல்.

இடைவேளை விசில் ஊதியதும் அவன் வியர்வையோடு கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

"எங்கடா ஆரஞ்சு?"

ஒரு பழம்கூட வெட்டியிருக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை.